விடுகைப் பத்திரத்துக்குப் பிறகு

இலங்கையில் உயர்தர வகுப்பு ஒரே நாளில் முடிவதில்லை. அமெரிக்கச் சிற்றூர்களில் தொப்பியும் அங்கியும் அணிந்து, ஊர் கூடி நிற்க, முழு வகுப்பும் ஒரே மாலையில் பாடசாலைக்கு விடை கொடுக்கிறது. தமிழ்நாட்டில் மார்ச்சில் பரீட்சை, மே மாதத்தில் பெறுபேறு, அடுத்த ஒன்றிரண்டு மாதங்களில் கல்லூரி. கண்டி மாவட்டத்துக் கெலிஓயாவில் வகுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கணக்கீடு எடுத்தவனுக்குக் கடைசித் தாள் ஒரு நாள், புவியியல் எடுத்தவளுக்கு இன்னொரு நாள், இஸ்லாமிய நாகரிகம் எடுத்தவளுக்கு வேறொரு நாள். பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்து தோழியைத் தேடினால், அவள் தன் தாள்களை முடித்துவிட்டுப் போன வாரத்திலிருந்தே வீட்டில் இருப்பாள். பெறுபேறு வரும்போது சிலர் ஊரிலேயே இருப்பதில்லை.

இந்தக் கரைதலைக் கவனித்துக் குறித்துவைப்பதையே தன் தொழிலின் முக்கியமான வேலையாக எடுத்துக்கொண்டவர் ஒரு புவியியல் ஆசிரியை. கெலிஓயாவை அண்டிய தமிழ் மொழிமூலப் பாடசாலை ஒன்றில் நெடுங்காலம் உயர்தரக் கலைப் பிரிவின் வகுப்பாசிரியை. பிள்ளைகள் அழைப்பதுபோல இங்கும் அவர் டீச்சர்தான்.

பாடசாலையில் ஒரு பிள்ளையைப் பற்றிய எழுத்து மூன்று இடங்களில் இருக்கும். முதலாம் ஆண்டில் பெயர் ஏறும் சேர்விடாப்பு, ஒவ்வொரு காலையும் குறியிடும் வரவு இடாப்பு, கடைசியில் கொடுக்கும் விடுகைப் பத்திரம். பத்திரத்தை அதிபர் ஒப்பமிட்டுக் கொடுத்ததும் பாடசாலையைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளையின் கதை முடிந்தது. டீச்சரிடம் நான்காவது ஒன்று இருந்தது. கடையில் வாங்கிய தடித்த சீ.ஆர். கொப்பி. ஒரு பெச்சுக்கு ஒரு கொப்பி, ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மேலே பெயரும் சுட்டெண்ணும் விலாசமும். கீழே திகதியிட்ட வரிகள்: பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி, எங்கே விண்ணப்பித்தாள், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, இப்போது என்ன செய்கிறாள். பரீட்சை முடிந்த பிறகே அந்தப் பக்கங்கள் நிரம்பத் தொடங்கும்.

வகுப்பாசிரியர் என்றால் இடாப்புக் குறிப்பவர், தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டித் தேர்ச்சி அறிக்கை எழுதுபவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். டீச்சரின் எண்ணம் வேறு. உயர்தர வகுப்பாசிரியரின் பாதி வேலை பரீட்சைக்குப் பிறகுதான் என்று அவர் புதிதாக வரும் ஆசிரியர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தக் கட்டுரை அந்தப் பாதி வேலையைப் பற்றியது.

*

ஊரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பேராதனையில் தொடங்கிக் கம்பளை, நுவரெலியா, பதுளை வழியாகச் செங்கலடி வரை போகும் ஏ5 வீதியில், பேராதனைக்கும் கம்பளைக்கும் நடுவில் இருக்கிறது கெலிஓயா. அருகில் மகாவலி ஓடுகிறது. கொழும்பு - பதுளை ரயில் பாதையில் ஒரு சிறிய நிலையமும் உண்டு. சுற்றிலும் உடுநுவரையின் சிங்கள, முஸ்லிம் கிராமங்கள். வெலிகல்ல, ஹந்தெஸ்ஸ, தவுலகல என்று பஸ் பலகையில் பார்க்கும் பெயர்கள். வகுப்பில் பெரும்பாலும் கடைக்காரர், சாரதி, தையல்காரர், வெளிநாட்டில் வேலை செய்யும் வாப்பா ஆகியோரின் பிள்ளைகள். கம்பளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் மாறி வருபவர்களும் உண்டு.

வகுப்பு முதலில் உடைவது உயர்தரத்தின் முடிவில் அல்ல, தொடக்கத்தில். இலங்கைப் பாடசாலைகள் நான்கு வகை. விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவும் உள்ளவை 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி. சாதாரண தரத்தோடு நிற்பவை வகை 2. ஆரம்பப் பிரிவுப் பாடசாலைகள் வகை 3. டீச்சர் படிப்பித்தது 1சி. சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ எடுத்த பிள்ளைக்கு இரண்டே வழி. கம்பளைக்கோ கண்டிக்கோ போவது, அல்லது இங்கேயே கலையிலோ வர்த்தகத்திலோ அமர்வது. பையன்களைப் பெற்றோர் அனுப்பிவிடுவார்கள். பெண் பிள்ளை என்றால் விடியற்காலைப் பஸ், மாலை டியூஷன், இருட்டில் தனியே வரும் பாதை என்று யோசனை நீளும். விஞ்ஞானம் படித்திருக்க வேண்டிய பெண் பிள்ளைகள் பலர் தன்னிடம் புவியியல் படித்தார்கள் என்பது டீச்சருக்குப் பெருமையும் வருத்தமுமாக இருந்தது. நல்ல மாணவிகள் கிடைத்தார்கள். அவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர்.

இந்தப் பகுதியின் கல்வி வரலாற்றில் கம்பளைக்குத் தனி இடம் உண்டு. 1942இல் தொடங்கிய கம்பளை ஸாஹிராக் கல்லூரியின் முதல் அதிபர் பதியுதீன் மஹ்மூத். பின்னர் கல்வி அமைச்சரானவர். 1945இல் வந்த இலவசக் கல்வியும் தாய்மொழி வழிக் கல்வியும் மலைநாட்டு முஸ்லிம் கிராமங்களுக்குள் நுழைந்தது இத்தகைய பாடசாலைகள் வழியாகத்தான். மஹ்மூதே 1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் மாவட்டக் கோட்டாவும் வந்தன. யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு அது எத்தகைய காயம் என்பது எல்லோரும் அறிந்ததே. பிற்பட்ட மாவட்டங்களில் அதுவரை பல்கலைக்கழகத்தையே காணாத பிள்ளைகளுக்கு அது வாசல் திறந்தது என்பதும் உண்மை. டீச்சர் இரண்டையும் வகுப்பில் விளங்கப்படுத்துவார். ஏதாவது ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது ஆசிரியத் தொழிலுக்கு ஆகாது என்பது அவருடைய நிலைப்பாடு.

அந்தக் கோட்டாவின் இன்றைய வடிவம் இது: பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இங்கேதான் கண்டி மாவட்டத்துப் பிள்ளைக்கு ஒரு சிக்கல். கண்டி நகரில் நாட்டின் முன்னணிப் பாடசாலைகள் பல இருக்கின்றன. புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளையும் கண்டி நகரப் பிள்ளையும் ஒரே மாவட்டப் பட்டியலில் நிற்கிறார்கள். அதே மலையில் இன்னும் கொஞ்சத் தூரம் ஏறினால் றம்பொடை. அது நுவரெலியா மாவட்டம், பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளது. லயமும் சம்பளமும் ஒன்றுதான், பாடசாலையின் வறுமையும் ஒன்றுதான். விஞ்ஞானப் பாடநெறிகளின் வெட்டுப்புள்ளி மட்டும் வேறு. மாவட்டம் முழுவதையும் ஒரே தராசில் போடாமல் கல்வி வலய அளவிலாவது பார்க்கவேண்டும் என்று டீச்சர் கூட்டங்களில் பேசியிருக்கிறார். அந்த வாதத்துக்கு இன்றுவரை யாரும் நேரான பதில் சொல்லவில்லை. அது சரியான வாதம் என்றே இக்கட்டுரையாளரும் கருதுகிறார்.

*

டீச்சர் வேலைக்கு வந்த காலத்தில் உயர்தரத்துக்கு நான்கு பாடங்கள். மொத்தம் நானூறு புள்ளி. கூட்டித்தான் பல்கலைக்கழகம். 2000ஆம் ஆண்டிலிருந்து மூன்று பாடங்களாயின. கூடவே பொது ஆங்கிலமும் பொதுச் சாதாரணப் பரீட்சையும் வந்தன. 2001இல் வந்தது இசட் புள்ளி. அதை வகுத்துக் கொடுத்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில். கெலிஓயாவிலிருந்து சில மைல் தூரத்தில் பிறந்த கணக்கு, தீவு முழுவதன் தலைவிதியையும் எழுதத் தொடங்கியது.

முதல் சில ஆண்டுகள் அந்தக் கணக்கு ஆசிரியர்களுக்கே விளங்கவில்லை. டீச்சர் அதைக் கரும்பலகையில் இப்படிப் போடுவார். ஒரு பாடத்தில் நாடு முழுவதும் எடுத்த புள்ளிகளின் சராசரி 50, நியம விலகல் 10. நீ 70 எடுத்தால் உனக்கு 2.0. இன்னொரு பாடத்தில் சராசரி 60, விலகல் அதே 10. அங்கேயும் நீ 70தான் எடுத்தாய், ஆனால் உனக்கு 1.0. மூன்று பாடங்களுக்கும் இப்படிப் பார்த்துச் சராசரி எடுத்தால் அதுவே உன் இசட் புள்ளி. 'லேசான பாடம்' எடுத்தால் தப்பிக்கலாம் என்று ஊரில் சொல்லும் யோசனை ஏன் பலிப்பதில்லை என்பது இதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் பிடிபடும். எல்லோருக்கும் லேசான பாடத்தில் சராசரியும் உயரும்.

2011 பெச்சின் கொப்பியில் பல பக்கங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்: 'காத்திருக்கிறாள்.' அந்த ஆண்டு பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் எழுதியவர்களை ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணக்கிட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012 ஜூனில் நீதிமன்றம் அதை இரத்துச் செய்து, இரு குழுக்களுக்கும் தனித்தனியே கணக்கிடச் சொன்னது. தீர்ப்பு நியாயமானது. ஆனால் மாதங்கள் போய்விட்டன. தகுதி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே 'செகண்ட் ஷை' என்ற இரண்டாம் தடவைக்குப் படிக்க உட்கார்ந்தவர்களும், படிப்பே வேண்டாம் என்று கடைக்குப் போனவர்களும் அந்தக் கொப்பியில் இருக்கிறார்கள்.

டீச்சரின் கைவேலையில் மிக நுணுக்கமானது விண்ணப்பம் நிரப்புவதுதான். பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கைநூலை வெளியிடும். ஒவ்வொரு பாடநெறிக்கும், அது நடக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு குறியீட்டெண் இருக்கும். பிள்ளை தன் விருப்பத்தை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசைப்படுத்தவேண்டும். பிழை நடப்பது இந்த வரிசையில். "போன வருஷம் கட்-ஓஃப் கூட, அதைப் போட வேணாம், கிடைக்கிறதை மேலே போடு" என்பார் வாப்பா. டீச்சர் பேனையைக் கீழே வைக்கச் சொல்வார். வரிசை மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகிறது. புள்ளி எட்டும் முதல் விருப்பத்தில் பிள்ளை நிறுத்தப்படுகிறது. ஆகவே எட்டாத ஒன்றை மேலே எழுதினால் எந்த நட்டமும் இல்லை. எட்டும் என்று நினைத்த சின்ன விருப்பத்தை மேலே எழுதிவிட்டால், வெட்டுப்புள்ளி அந்த வருடம் இறங்கினாலும் பெரிய விருப்பம் கைநழுவிப் போகும். "கிடைக்கும்னு நினைக்கிறதை விடுங்க மகள், வேணும்னு நினைக்கிறதை முதல்ல எழுதுங்க." இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை கட்டும்.

இப்போது விண்ணப்பம் இணையத்தில். பிள்ளைகள் 'கொமியூனிகேஷன்' கடைக்குப் போய், அவசரத்தில் இருக்கும் கடைப் பையனிடம் குறியீட்டெண்களைச் சொல்லித் தட்டச்சடிக்க வைக்கிறார்கள். ஓர் இலக்கம் மாறினால் யாழ்ப்பாணம் ஒலுவிலாகும். டீச்சரின் வழி இது: முதலில் கடதாசியில் எழுதவேண்டும், பெற்றோர் ஒருவர் கையொப்பமிடவேண்டும், பிறகு டீச்சர் ஒவ்வோர் எண்ணையும் கைநூலில் விரல் வைத்துச் சரிபார்ப்பார், அதற்குப் பிறகுதான் கடைக்கு. அந்தக் கடதாசிகளையும் கொப்பிக்குள் மடித்து வைத்திருக்கிறார்.

பேராதனைப் பல்கலைக்கழகம் கெலிஓயாவுக்குப் பக்கம். கண்டி போகும் ரயிலில் ஏறினால் கோஷின்ன, பேராதனைச் சந்தி, அடுத்தது சரசவி உயன. அங்கே இறங்கினால் வளாகம். ஆனால் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் அந்த வளாகத்துக்குள் கால் வைத்ததில்லை. தாவரவியல் பூங்காவுக்குச் சுற்றுலா போயிருப்பார்கள், அடுத்த வேலியைத் தாண்டியதில்லை. ஆகவே பன்னிரண்டாம் ஆண்டில் டீச்சர் ஒரு வெளிக்களப் பயணம் வைப்பார். ஹந்தானை மலையின் சரிவு, மகாவலியின் வளைவு, நடுவில் பேட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும் நிலத்தின் போக்கை அனுசரித்துத் திட்டமிட்ட வளாகம். 1:50,000 நில அளவைப் படத்தில் படித்த சமவுயரக் கோடுகளைப் பிள்ளைகள் அங்கே காலால் நடந்து பார்ப்பார்கள். தமிழ்த்துறை இருக்கும் கட்டிடத்தையும் காட்டுவார். பேராசிரியர்கள் கணபதிப்பிள்ளை, வித்தியானந்தன், தில்லைநாதன், நுஃமான் போன்றோர் படிப்பித்த இடம். "இங்கேயும் தமிழ்ல படிக்கலாமா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்பாள். ஒவ்வொரு பெச்சிலும் ஒருத்தி கேட்பாள். அந்தக் கேள்விக்காகவே அந்தப் பயணம் தேவை.

*

எண்ணிக்கையைப் பார்த்தால், அண்மைய ஆண்டுகளில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். அரச பல்கலைக்கழகங்கள் எடுப்பது நாற்பதாயிரம் சொச்சம். பாடசாலைகள் தம் மதிலில் தொங்கவிடும் பதாகையில் அந்த நாற்பதாயிரத்தில் இடம்பிடித்தவர்களின் முகங்கள்தான் இருக்கும். படம் போட்டு, பெயர் போட்டு, பாடநெறி போட்டு, வாழ்த்தும் போட்டு. அதில் பிழை இல்லை, பிள்ளை உழைத்தது. ஆனால் மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று எந்தப் பாடசாலையிலும் கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாது.

டீச்சரின் கொப்பிகளுக்குத் தெரியும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஒலுவில் போனவர்கள், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போனவர்கள் ஒருபுறம். அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரிக்கும் பத்தனை ஸ்ரீபாதவுக்கும் போய் ஆசிரியர்களாகத் திரும்பியவர்கள். கண்டி உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா செய்து, பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர்கள். பொல்கொல்லையில் உள்ள திறந்த பல்கலைக்கழக நிலையத்துக்குச் சனி, ஞாயிறு பஸ் ஏறி, பிள்ளை பெற்ற பிறகு பட்டம் முடித்த பெண்கள். கியூ.எஸ். என்ற கணிய அளவையியல் படித்துக் கட்டார் போன பையன்கள். கொரிய மொழிப் பரீட்சை எழுதித் தென்கொரியா போனவர்கள். கொழும்பில் புடவைக் கடையில் தொடங்கி இப்போது சொந்தக் கடை வைத்திருப்பவர். இவர்களில் பலர் மூன்று பாடமும் சித்தியடைந்தவர்கள், சிலர் இல்லை. சாதாரணமாக இப்படிப்பட்டவர்களைப் பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கும் யாரும் அழைப்பதில்லை. பரிசளிப்பு விழாவுக்கும் பல்கலைக்கழகம் போனவர்தான் பிரதம அதிதி.

டீச்சர் பதின்மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு இவர்களை ஒவ்வொருவராக அழைத்து வருவார். ஹந்தெஸ்ஸப் பக்கத்துப் பெண் ஒருத்தி இரண்டு தடவை எழுதியும் வெட்டுப்புள்ளி எட்டவில்லை. பிறகு முன்பள்ளி டிப்ளோமா செய்து, வீட்டு முன்னறையில் சிறு பிள்ளைகளை வைத்துத் தொடங்கினாள். இன்று அது நன்கு நடக்கும் முன்பள்ளி. அவள் வகுப்பில் வந்து பேசியது படிப்பைப் பற்றியல்ல. பிரதேச சபையில் பதிவு எடுப்பது, பெற்றோரிடம் கட்டணம் கேட்கக் கூச்சப்படாமல் இருப்பது, உம்மாவிடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தது. பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள்.

கொப்பி இன்னொன்றையும் காட்டியது. பெண் பிள்ளைகளை இழக்கும் இடம் பரீட்சை அல்ல, காத்திருப்பு. பரீட்சை எழுதிய நாளிலிருந்து பல்கலைக்கழகம் போகும் நாள் வரை ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். சில பெச்சுகளுக்கு இன்னும் கூட. அந்த இடைவெளியில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அனுமதிக் கடிதம் வரும்போது நிச்சயம் முடிந்திருக்கும். 'தெரிவானாள், போகவில்லை' என்று எழுதிய பக்கங்கள் எல்லாமே பெண்களுடையவை. அதற்கு டீச்சர் கண்ட வழி மிகச் சாதாரணமானது. கடைசித் தாள் முடிந்த வாரத்திலேயே ஒவ்வொரு பெண்ணையும் ஏதாவது ஒரு பாடநெறியில் சேர்ப்பது: கணினி, ஆங்கிலம், தையல், எதுவானாலும். வீட்டில் "அவ படிக்கிறா" என்ற சொல் நிற்காமல் இருக்கவேண்டும். அந்தச் சொல் இருக்கும்வரை தரகர் வாசலோடு திரும்புவார். உம்மாமாரிடம் அவர் கல்யாணத்துக்கு எதிராகப் பேசியதே இல்லை. திகதியைப் பற்றி மட்டும் பேசினார்.

தமிழ்நாட்டில் இந்த வேலையை அரசாங்கமே கையில் எடுத்திருக்கிறது. 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது. அதன்கீழ் வந்த 'உயர்வுக்குப் படி' என்ற ஏற்பாட்டில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் கல்லூரி சேராத பிள்ளைகளைப் பட்டியலிட்டு, அழைத்துப் பேசி, அங்கேயே சேர்க்கைக்கு உதவுகிறார்கள். இலங்கையில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது. சேர்விடாப்புக்கும் வரவு இடாப்புக்கும் சட்டம் உண்டு. வெளியேறிய பிள்ளைக்கு ஓர் இடாப்பு வேண்டும் என்று வலயக் கல்வி அலுவலகங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். பணம் கூடத் தேவையில்லை. ஓர் ஆசிரியை தன் கைக்காசில் வாங்கிய கொப்பியில் செய்வதை நாடு செய்யாமல் இருப்பது பெரிய குறை.

*

சீரான பெச் என்று டீச்சருக்கு நெடுங்காலமாக ஒன்றும் வாய்க்கவில்லை. 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல். கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு, பாடசாலைகள் பூட்டு. 2020 மார்ச்சில் கொரோனா. ஆகஸ்டில் நடக்கவேண்டிய பரீட்சை அக்டோபருக்குப் போனது. 2021க்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியில் தொடங்கியது. 2022க்குரியது 2023 ஜனவரியில். இடையில் பொருளாதார நெருக்கடி: எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை, கடதாசி இல்லை. அந்த நாட்களில் டீச்சர் கடந்தகால வினாத்தாள்களைப் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஆகஸ்டில் உயர்தரம் என்பது ஒரு தலைமுறைக்கே தெரியாமல் போய்விட்டது.

2025 பெச்சுக்கு எல்லாம் ஒழுங்காக வரும்போலத்தான் இருந்தது. நவம்பர் 10ஆம் திகதி பரீட்சை தொடங்கியது. நாடு முழுவதும் சுமார் மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் பேர். மாதக் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. 27ஆம் திகதி பரீட்சை நிறுத்தப்பட்டது. உயிரிழப்பில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் முன்னணியில் இருந்தது கண்டி. மகாவலி கம்பளையிலும் பேராதனைப் பக்கத்திலும் கரை மீறியது. மலைகள் சரிந்தன. ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. மின்சாரம் போய், பின்னால் தொலைபேசியும் போனது.

மேல் மகாவலிப் படுகையை டீச்சர் ஒவ்வொரு வகுப்புக்கும் வரைந்து காட்டியவர். கொத்மலை ஓயா கம்பளைக்கு மேலே மகாவலியில் சேர்வது, 1985இல் முடிந்த கொத்மலை நீர்த்தேக்கம், செங்குத்தான சரிவில் காடு போய்த் தேயிலை வந்தபின் மழைநீர் ஓடும் வேகம், அதன் கீழே நெருக்கமாக எழுந்த ஊர்கள். வினாத்தாளில் பத்துப் புள்ளிக்கு வரும் கேள்வி. அந்த வாரம் அதன் விடை பிள்ளைகளின் வீட்டுக்குள் வந்தது.

தொலைபேசி இல்லாத நாட்களில் கொப்பி வேறொரு வேலைக்கு வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் விலாசம் இருந்தது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்த பழைய மாணவர்களிடம் டீச்சர் ஊர் ஊராகப் பெயர்களைப் பிரித்துக் கொடுத்தார். யார் வீட்டில், யார் பள்ளிவாசலில் தங்கியிருக்கிறார்கள், யார் உறவினர் வீட்டுக்குப் போனார்கள் என்று துண்டுக் கடதாசியில் பதில்கள் வந்தன. உயிர் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றவை. ஒருத்தியின் குறிப்புகள் அத்தனையும் சேற்றில். இன்னொருவனுக்கு அனுமதி அட்டையும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. பொலிஸ் முறைப்பாடு, கிராம அலுவலர் சான்று, அதிபரின் கடிதம் என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். குறிப்பு இழந்தவளுக்குத் தோழிகள் தங்கள் கொப்பிகளின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார்கள். ஒருத்தி தன் அரசறிவியல் கொப்பியையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "நான் பாடமாக்கிட்டேன், நீ வெச்சுக்கோ" என்றாளாம்.

மீதித் தாள்கள் 2026 ஜனவரியில் நடந்தன. அந்தப் பெச் முடிந்த விதமும் வேறாகத்தான் இருந்தது. ஒருவரை ஒருவர் தேடிப் போன பழக்கம் விடவில்லை. தாள் முடிந்தவர்களும், தாள் இல்லாத நாளில் மற்றவர்களுக்காக மண்டபத்து வாசலில் வந்து நின்றார்கள். ஓட்டோகிராப் கொப்பிகள் அங்கேயே கை மாறின. வழக்கமாக அவற்றில் எழுதும் பூவும் பாட்டு வரியும் குறைவாகவும், தொலைபேசி இலக்கமும் விலாசமும் கூடுதலாகவும் இருந்ததை டீச்சர் கவனித்தார்.

அடுத்து என்ன என்று அவர் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினார். புவியியலில் நல்ல புள்ளி எதிர்பார்க்கும் இருவர், அனர்த்த முகாமைத்துவம் படிக்க வழி இருக்கிறதா என்று கேட்டார்கள். முன்பு ஒரு பெச்சிலும் கேட்காத கேள்வி. புவியியல் சிறப்புப் பட்டத்தின் வழியாக அதற்குப் போகலாம் என்று சொல்லி, கைநூலின் பக்கங்களைக் குறித்துக் கொடுத்தார். தோட்டத்திலிருந்து வரும் பையன் ஒருவன், வீடு சரிந்ததால் குடும்பம் இன்னும் உறவினர் வீட்டில்தான் இருக்கிறது, பெறுபேறு வரும்வரை கொழும்பில் கடையொன்றில் நிற்கப்போகிறேன் என்றான். டீச்சர் தடுக்கவில்லை. கடை முதலாளியின் இலக்கத்தை வாங்கிக்கொண்டு, விண்ணப்பக் காலம் தொடங்கும்போது இரண்டு நாள் லீவு தரவேண்டும் என்று அவரிடம் அப்போதே பேசி வைத்தார். மூன்று பெண்கள் ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்திக்கு மாப்பிள்ளை பேச்சு வந்திருக்கிறது. அவளுடைய உம்மாவைப் பார்க்க டீச்சர் போயிருக்கிறார், இன்னும் போவார்.

இப்போது பன்னிரண்டாம் ஆண்டை எடுத்திருக்கும் இளம் ஆசிரியை, முன்பு டீச்சரிடம் படித்தவர். அவரும் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டிருக்கிறார். வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு மாற்றங்கள். அனுமதி அட்டை, அடையாள அட்டை இரண்டின் படமும் வகுப்பாசிரியையின் கைபேசியில் இருக்கவேண்டும். பிள்ளையின் சொந்த இலக்கம் மாறிக்கொண்டே இருப்பதால், உம்மாவின் இலக்கம், ஊரில் நிலையாக இருக்கும் நானா அல்லது தாத்தா ஒருவரின் இலக்கம், பக்கத்துக் கடையின் இலக்கம் என்று ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் மூன்று எண்கள்.